கடற்கரையில் நடக்கும் அந்த இரண்டு பேர்

வணக்கம். டென்மார்க் ஓவியங்கள் பற்றிய உங்கள் பதிவில் க்ரோயரின் கடற்கரைப் படம் இருந்தது. வெளிர் உடையில் இரண்டு பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார்கள். ஹாமர்ஷோய் படத்திலும் ஒரு பெண்ணின் முதுகுதான். யார் இவர்களெல்லாம்? கூலிக்கு வந்த மாடல்களா? அங்கே பெண்கள் யாரும் வரையவே இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

மாடல்கள் இல்லை. ஹாமர்ஷோய் வரைந்தது அவர் மனைவி ஈடாவை. கடற்கரையில் போகிற இருவருமே ஓவியர்கள். பதிவில் அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

படம் 1893-இல் வரைந்தது. இடம் டென்மார்க்கின் வடமுனையில் உள்ள ஸ்காகன் என்ற மீனவர் ஊர். ஒருவர் அன்னா ஆங்கர், இன்னொருவர் வரைந்தவரின் மனைவி மரீ க்ரோயர்.

அன்னா உள்ளூர்க்காரர். கோடையில் வரும் ஓவியர்கள் தங்கிய ப்ரண்டும் ஓட்டலே அவர் வீட்டாருடையதுதான். கோபன்ஹேகன் கலை அகாடமி 1754-இல் தொடங்கியது, ஆனால் பெண்களைச் சேர்க்க 1888 வரை ஆனது. அதனால் வில்ஹெல்ம் கியூன் பெண்களுக்கென நடத்திய பள்ளியில்தான் அன்னா படித்தார். 1880-இல் அவருக்குக் கல்யாணம் ஆனபோது, இனி பெயின்ட் பெட்டியைக் கடலில் எறிந்துவிடு என்று அதே கியூன் சொன்னதாக ஒரு கதை உண்டு. நல்லவேளை, எறியவில்லை.

அவருடைய 'நீல அறையில் வெயில்' (1891) படத்தைத் தேடிப் பாருங்கள். மகள் ஹெல்கா நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குரோஷா பின்னுகிறாள், நீலச் சுவரில் ஜன்னல் வெயில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது, அவ்வளவுதான் படம். இதுவும் முதுகுதானே என்பீர்கள். சரிதான், ஆனால் இந்தப் பிள்ளை யாருக்காகவும் உட்காரவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவர் மிக்கேல் வரைந்த வீர மீனவர்களையெல்லாம் சேர்த்து வைத்தாலும் எனக்கு இந்தச் சுவர் வெயில்தான் ஒரு படி மேல்.

மரீயின் கதை வேறு. பாரிஸ் வரை போய்ப் படித்தவர், 1889-இல் 22 வயதில் தன்னைவிட 16 வயது மூத்த, ஏற்கெனவே பேரும் புகழும் பெற்ற க்ரோயரை மணந்தார். மறுவருடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் வரைந்த இரட்டை ஓவியம் ஒன்று இருக்கிறது, அதில் மரீயின் கை ஒன்றும் சோடை போகவில்லை. அப்புறம் அவர் வரைந்தது குறைந்துகொண்டே வந்தது, கணவர் அவரை வரைந்ததோ கூடிக்கொண்டே போனது. தன்னம்பிக்கை இல்லாதவர் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்திலேயே அப்படி ஒருவர் மளமளவென்று வரைந்து தள்ளிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கை ஓடும்? அன்னாவுக்குப் பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது, கல்யாணமான புதிதில் குடியிருந்ததே ஓட்டல் தோட்டத்து வீட்டில்தான். மரீக்கு அந்த ஊரில் அப்படி யாரும் இல்லை. க்ரோயருக்கு மனநோய் வந்தது, 1905-இல் விவாகரத்து. பிறகு ஸ்வீடன் இசையமைப்பாளர் ஹ்யூகோ ஆல்ஃப்வேனை மணந்தார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: வரைந்தார்கள், இவர்களுக்கு முன்பே. வார்சாவில் பிறந்து டென்மார்க்குக்கு வாழ்க்கைப்பட்ட எலிசபெத் யெரிக்காவ்-பௌமன் 1851-இலேயே, தேசியக் கொடியைத் தோளில் சாய்த்தபடி கதிர் வயலில் நடக்கும் 'டென்மார்க் தாய்'-ஐ வரைந்துவிட்டார். அந்த நாட்டுக்கு ஒரு தாய் முகம் கொடுத்தது அந்த ஊரில் பிறக்காத ஒரு பெண். இந்தத் தாய் முதுகைக் காட்டவில்லை.