கடற்பாசிக் கரி மருந்து எச்சத்தை நீக்குமா?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றின் கழிவுநீர் நிலையத்தைக் கவனித்துக்கொள்கிறேன். சுத்திகரித்த நீரிலும் டைக்ளோஃபினாக் (வலி நிவாரணி), கார்பமசெபின் (வலிப்பு மருந்து), சிப்ரோஃப்ளாக்சசின் (ஆன்டிபயாடிக்) எச்சம் இருப்பதாக ஆய்வக அறிக்கை வந்திருக்கிறது. கரை ஒதுங்கும் கடற்பாசியை எரித்துக் கரியாக்கி வடிகட்டியில் போட்டால் போதுமா?

பதில்: கடற்பாசிக் கரி உதவும். ஆனால் திறந்தவெளியில் எரித்தால் பெரும்பாலும் சாம்பல்தான் மிஞ்சும். மூடிய கலனில், காற்று புகாமல், 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அப்போது கிடைப்பதுதான் உயிர்க்கரி.

கடற்பாசியின் பெரிய சிக்கல் உப்பு. எரித்தால் அது சாம்பலாக மிஞ்சும். மரத்தில் சாம்பல் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். கடற்பாசியில் உலர் எடையில் கால் பங்கைத் தாண்டுவது சாதாரணம். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் கரியிலேயே தங்கி நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். போதாததற்கு, கழுவாத கரி நீரின் பிஎச் (அமில-கார அளவு) மதிப்பையும் ஏற்றிவிடும். டைக்ளோஃபினாக்கை நீக்க நினைப்பவருக்கு இது நேரடி இழப்பு. சாதாரண நீரிலேயே அந்த மருந்து எதிர்மின் தன்மையோடு இருக்கிறது. காரத்தன்மை ஏறினால் கரியின் பரப்பும் எதிர்மின் தன்மை பெறும். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அதனால் பாசியைக் கரியாக்கும் முன் நல்ல நீரில் அலசுங்கள். கரியாக்கிய பின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிஎச் நடுநிலைக்கு வரும்வரை மறுபடி அலசுங்கள்.

ஆனால் உங்கள் பட்டியலில் சிப்ரோஃப்ளாக்சசினும் இருக்கிறதே, அங்கே கதை மாறுகிறது. அதுவும் டெட்ராசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் கால்சியம், மக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள். கரியில் இருக்கும் இந்த உலோகங்களே மருந்தைப் பிடித்துவைக்கும் பாலமாக அமையலாம். முழுக்க அமிலத்தில் கழுவினால் அந்த அனுகூலம் போய்விடும். கார்பமசெபினுக்கோ மின்னேற்றமே கிடையாது. அதற்குத் தேவை நிறைய நுண்துளைகள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கி நுண்துளைகளைப் பெருக்கிய (கிளர்வூட்டிய) கரிதான் அங்கே கைகொடுக்கும். அதனால் எந்தப் பாசி நல்லது என்பதைவிட, எந்த மருந்தை முதலில் குறைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். அமிலத்தில் கழுவியது, வெறும் நீரில் அலசியது என இரண்டு வகைக் கரியும் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பரிந்துரை.

சோதனையை உங்கள் நீரிலேயே செய்யுங்கள். ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் தூய நீரில் லிட்டருக்கு மில்லிகிராம் அளவில் மருந்தைக் கரைத்துப் பார்ப்பார்கள். கழிவுநீரில் அது மைக்ரோகிராம் அல்லது அதற்கும் கீழே இருக்கும். கூடவே கரைந்த கரிமப் பொருட்கள் பல மடங்கு இருந்து கரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் கரி போட்டு, ஒரு நாள் குலுக்கி, வடிகட்டி, முன்னும் பின்னும் எல்சி-எம்எஸ் கருவியில் (மிகச் சிறிய அளவு மருந்தையும் பிரித்து அளக்கும் ஆய்வகக் கருவி) அளக்கக் கொடுங்கள். நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் மருந்தைக் காட்டாது.

அப்புறம், இதைத் தவறவே விடாதீர்கள்: வெறும் காய்ச்சி வடித்த நீரில் கரியை ஊறவைத்து ஆர்செனிக் கசிகிறதா என்று பாருங்கள். சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகள் ஆர்செனிக்கைச் சேர்த்துவைப்பவை. ஒரு மாசை எடுக்கப் போய் இன்னொன்றைக் கலந்துவிடக் கூடாது. கசிந்தால் அந்தப் பாசியே வேண்டாம்.

எல்லாம் சரியாக வந்தால், உயிரியல் சுத்திகரிப்புக்கும் மணல் வடிகட்டிக்கும் பிறகு, கடைசிக் கட்டமாகக் கரிப் படுகையை வையுங்கள். தூளாகப் போட்டால் அடைத்துக்கொள்ளும்; அரை முதல் ஒரு மில்லிமீட்டர் குருணையாக இருக்கட்டும். 254 நானோமீட்டர் புறஊதா ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வாரந்தோறும் பாருங்கள்; கரைந்த கரிமப் பொருட்கள் இந்த ஒளியை உறிஞ்சும். வெளிவரும் நீரின் அளவீடு உள்ளே போகும் நீரின் அளவீட்டை நெருங்க ஆரம்பித்தால் கரி நிறைந்துகொண்டிருக்கிறது. கரிப் படுகையைக் கடந்த நீரையும் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். நிறைந்த கரியைத் தோட்டத்து மண்ணிலும் உரக்குழியிலும் போடாதீர்கள். அதில் ஆன்டிபயாடிக் இருக்கிறது, கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெற அது வழிவிடும். மருத்துவக் கழிவை எரிக்கும் உயர்வெப்ப உலைக்கு அனுப்புங்கள். கரிப் படுகை அமைக்கும் முன்பே அந்த ஏற்பாட்டைப் பேசி முடித்துவிடுங்கள்.