மூடியைத் திறந்ததும் பாவோசி சுருங்குவது ஏன்?

உப்பி நின்ற பன்றி இறைச்சி பாவோசி (பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சீன பன்), மூடியைத் திறந்த ஒரே நிமிடத்தில் சுருங்கிப்போவது ஏன் என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் சந்தேகப்படும் ஈஸ்ட் காரணமாகத் தெரியவில்லை. பூரணம் வைத்து மடித்த பிறகு ஒரு மணி நேரம் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கெடுத்திருக்கிறது. வெப்பமான சமையலறையில் 20 நிமிடமே போதும். அதற்கு மேல் போனால் மாவுக்குள் இருக்கும் காற்றறைகளின் சுவர்கள் மெலிந்து, ஆவி அடங்கியதும் அமுங்கிவிடும்.

கடிகாரத்தைவிடக் கையை நம்புங்கள். மடித்தவுடன் ஒன்றை உள்ளங்கையில் வையுங்கள், கனமாக இருக்கும். அதே உருண்டை இலேசாகத் தோன்றியதும் விரலால் மெல்ல அழுத்துங்கள். குழி மெதுவாக மேலெழுந்தால் உடனே அடுப்பில் ஏற்றலாம். அப்படியே நின்றுவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைச் சற்றே விலக்கி 3 முதல் 5 நிமிடம் பொறுங்கள். திடீரெனக் குளிர்காற்று பட்டாலும் தோல் சுருங்கும். சீனாவின் மூங்கில் மூடி ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் எஃகு மூடியிலிருந்து நீர் சொட்டும். மூடியை ஒரு துணியால் இறுகக் கட்டிவிடுங்கள்.

ஆனால் அடிப்பகுதி மட்டும் மஞ்சளாக, பசைபோல் இருந்தால் கதை வேறு: பூரணத்தின் சாறு மாவில் ஊறியிருக்கிறது. பூரணத்தை நன்றாகக் குளிரவைத்து, மாவின் நடுவைத் தடிமனாகவும் ஓரத்தை மெல்லியதாகவும் தேயுங்கள்.