முதலில் மூன்று ரிமோட்டையும் மேசையில் வையுங்கள்

தம்பி, வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஒயரில் கைவைக்க உரிமையாளர் விடமாட்டார், ஏசி, டிவி, சீலிங் ஃபேன் என மூன்றுக்கும் தனித்தனி ரிமோட், இவற்றை ஹோம் அசிஸ்டன்டுக்குள் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்) கொண்டுவர எந்த ஐஆர் பிளாஸ்டர் (ரிமோட் போலவே அகச்சிவப்பில், அதாவது ஐஆரில், கட்டளை அனுப்பும் சின்னப் பெட்டி) வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஊரிலிருந்து வரும் நண்பரிடம் ஒன்று கொடுத்துவிடச் சொல்லலாமா என்றும் கேட்டீர்கள். நானும் இங்கே வெளிநாட்டில் வாடகை வீடு மாறி மாறி வந்தவன்தான். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய சாமான் இது என்பதால், உங்கள் யோசனை சரியான யோசனை.

ஆனால் பிளாஸ்டரைத் தேடுவதற்கு முன்னால் மூன்று ரிமோட்டையும் மேசையில் எடுத்து வையுங்கள். போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளி மினுக்கினால் அது அகச்சிவப்பு ரிமோட். பின்பக்கக் கேமரா வேண்டாம், பல போன்களில் அது அகச்சிவப்பை வடிகட்டிவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் ஒன்றும் தெரியாவிட்டால், அது பெரும்பாலும் ரேடியோவிலோ புளூடூத்திலோ வேலை செய்கிறது என்று பொருள். சீலிங் ஃபேன் ரிமோட்டில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரியானவற்றின் ரிமோட் புளூடூத். அதற்கு எந்த ஐஆர் பிளாஸ்டரும் உதவாது, ஆனால் பல மாடல்களை வைஃபை வழியாகவே ஹோம் அசிஸ்டன்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபேன் ரேடியோ ரிமோட்டாக இருந்தால் அதன் பின்பக்க ஸ்டிக்கரில் அலைவரிசை எண்ணைப் படியுங்கள். பிராட்லிங்க் கம்பெனியின் ஆர்எம்4 ப்ரோ என்ற பிளாஸ்டர் ஐஆரோடு 433, 315 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவையும் அனுப்பும். வட அமெரிக்க ஃபேன்கள் சில 303-இல் இருக்கும், அதற்கு இது ஒத்துவராது.

இப்போது ஏசி. பிளாஸ்டரை டிவிக்காக வாங்காதீர்கள், ஏசிக்காக வாங்குங்கள். டிவியைச் சமாளிக்காத பிளாஸ்டரே கிடையாது. டிவி ரிமோட்டில் ஒரு பட்டனுக்கு ஒரு சின்ன கோட், அவ்வளவுதான். பரவலாக இருக்கும் என்இசி என்ற கோட் முறையில் மொத்தமே 32 பிட். ஏசி ரிமோட் அப்படியல்ல. அதில் சின்னத் திரை எதற்கு இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நிலைமை முழுவதையும் ரிமோட்டே நினைவில் வைத்திருக்கிறது. பெரும்பாலான ஏசிகளில் நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கூலிங்கா ஹீட்டிங்கா, எத்தனை டிகிரி, ஃபேன் வேகம் என்ன, ஸ்விங் உண்டா என்று அத்தனையையும் ஒரே நீளச் செய்தியாக அனுப்புகிறது.

இது தெரியாமல் நான் ஒரு வாரம் அல்லாடினேன். டிகிரியைக் கூட்டும் பட்டனை மட்டும் பிளாஸ்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆப்பில் எத்தனை தடவை அழுத்தினாலும் ஏசி 25-இலேயே நிற்கிறது என்று ஏசியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுத்த நேரத்தில் ரிமோட் 24-இலிருந்து 25-க்குப் போயிருந்தது. அதனால் அந்தப் பட்டனின் அர்த்தம் ‘கூட்டு’ இல்லை, ‘கூலிங், 25, ஃபேன் வேகம் அதிகம்’. எத்தனை முறை அனுப்பினாலும் அதேதான்.

ஆகவே ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுக்கும் கதை ஏசிக்கு ஒத்துவராது. உங்கள் ரிமோட் மாடலுக்கு முழு கோட் தொகுப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏசி மாடல் எண்ணைவிட ரிமோட்டின் பின்னால் உள்ள எண்தான் தேடலுக்குப் பயன்படும். ஹோம் அசிஸ்டன்டில் ஸ்மார்ட்ஐஆர் என்ற கூடுதல் இணைப்பு உண்டு, அதில் பல ஏசிகளுக்குத் தயார் கோட் இருக்கிறது, பிராட்லிங்கோடு நன்றாக ஒத்துப்போகும். சாலிடரிங் பிடிக்குமென்றால் இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை சிப் பலகையில் இஎஸ்பிஹோம் என்ற மென்பொருளைப் போட்டு பிளாஸ்டரை நீங்களே செய்துகொள்ளலாம், டைக்கின், மிட்சுபிஷி, தோஷிபா போன்றவற்றுக்கு அதிலேயே ஏசி நிரல் இருக்கிறது. ஐஆர் எல்இடியை மட்டும் பலகையின் இணைப்புக் காலில் நேராகச் சொருகாதீர்கள், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள். இல்லாவிட்டால் ஒளி அறையின் பாதிகூடத் தாண்டாது.

அடுத்தது, இணையத்தைத் துண்டித்தால் பிளாஸ்டர் வேலை செய்யுமா என்று பாருங்கள். நான் முதலில் வாங்கியது எதற்கெடுத்தாலும் கம்பெனி சர்வரைக் கேட்கும் ரகம். ஒருநாள் சர்வரை மூடிவிட்டார்கள், அப்புறம் அது மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கும் கல். துயா என்ற கம்பெனியின் தளத்தில் ஓடும் வைஃபை பிளாஸ்டர்கள் பெரும்பாலும் இப்படிச் சர்வரை நம்பியே இருக்கின்றன. பிராட்லிங்க் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசும். அதன் ஆப்பில் ‘லாக் டிவைஸ்’ என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அணைத்தால்தான் ஹோம் அசிஸ்டன்ட் உள்ளே நுழைய முடியும். பலபேர் இங்கேதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஜிக்பீ (வைஃபை இல்லாமல் வீட்டுச் சாதனங்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை) டாங்கிள் ஏற்கெனவே இருந்தால் ஜிக்பீ பிளாஸ்டரும் நல்ல தேர்வு.

வைஃபை வகையென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேண்டும், இவற்றில் பெரும்பாலானவை 5-இல் சேராது. கட்டடம் முழுவதற்கும் பொதுவாகக் கொடுத்த வைஃபையில், பிரவுசரில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கம் வருகிறதா? அதில் பிளாஸ்டரைச் சேர்க்க முடியாது, சொந்தமாக ஒரு சின்ன ரவுட்டர் தேவைப்படும்.

இன்னொன்று, ஐஆர் ஒருவழிப் பாதை. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று பிளாஸ்டருக்குத் தெரியாது. டிவியின் பவர் பட்டன் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், இரண்டாவது முறை அனுப்பினால் ஓடுகிற டிவி அணைந்துவிடும். டிவி ஓடுகிறதா என்று நெட்வொர்க் வழியாகப் பார்த்து அனுப்பும்படி ஹோம் அசிஸ்டன்டிடம் சொல்லுங்கள். ஏசியில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை, முழு நிலையையும் அனுப்புவதால் ஒரே கட்டளையை மூன்று முறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை. நான் அறையில் ஒரு வெப்பநிலை சென்சார் வைத்திருக்கிறேன். 20 நிமிடத்தில் சூடு இறங்காவிட்டால் கட்டளை மறுபடி போகும்.

வைக்கும் இடம் பெரிய விஷயமில்லை, வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பியும் ஒளி போகும். மூடிய மர அலமாரிக்குள் மட்டும் வேண்டாம். டிவியின் யுஎஸ்பி துளையில் சொருகவும் வேண்டாம், டிவியை அணைத்தால் பல டிவிகளில் அந்த மின்சாரமும் நின்றுவிடும், பிறகு டிவியை யார் போடுவது?

நண்பர் கொண்டுவருவதைப் பற்றி: ஐஆர் மட்டும் உள்ளதென்றால் தாராளமாக வரட்டும். 5 வோல்ட் யுஎஸ்பிதான், இங்கே உள்ள சார்ஜரே போதும். ஆப்பில் கணக்குத் தொடங்கும்போது இப்போது இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். ரேடியோவும் சேர்ந்த மாடல் என்றால் இங்கேயே வாங்குங்கள், அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்.

ஃபேன் ரிமோட் கேமராவில் மினுக்கினால் ஐஆர் மட்டும் உள்ள பிராட்லிங்க் ஆர்எம்4 மினி போதும். மினுக்காமல் ஸ்டிக்கரில் 433 அல்லது 315 என்று இருந்தால் ப்ரோ. ஏசி ரிமோட்டின் பின்பக்க எண்ணை மட்டும் அனுப்புங்கள், கோட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்கப்புறம் வாங்கலாம்.