மழைக்காலக் காய்ச்சல், கிணற்றுத் தண்ணீர், வயிற்றுப்போக்கு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. டெல்டா கிராமங்களில் சுகாதார ஆய்வாளராக முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். இந்த வாரம் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து எழுதித் தர மாட்டேன். எப்போது, எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்வேன்.

கேள்வி: ஐயா, தண்ணீர் டிரம்மையெல்லாம் மூடித்தான் வைக்கிறோம். வாரம் ஒருமுறை கீழேயும் கொட்டிவிடுகிறோம். அப்படியும் பகலில் கொசு கடிக்கிறது. எங்கிருந்து வருகிறது?

டிரம்மைக் கொட்டினீர்கள் சரி, தேய்த்தீர்களா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் தேங்காய் நாரோ பிரஷோ போட்டுச் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்று கணக்கு வைத்தது அதனால்தான்.

அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பாருங்கள். கொல்லையில் யாரும் தொடாமல் கிடக்கும் ஆட்டுக்கல், கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு தெருவில் ஏழெட்டு பேருக்குக் காய்ச்சல் வந்து, வீடு வீடாகத் தேடிக் கடைசியில் ஒரே ஓர் ஆட்டுக்கல்லில் கைநிறையப் புழு எடுத்திருக்கிறேன். இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடாமல் கொல்லைவரை விடுங்கள், அம்மா.

கேள்வி: அண்ணே, பையனுக்கு 9 வயது. நான்கு நாள் கடும் காய்ச்சல். இன்று காலை விட்டுவிட்டது. ஆனால் சோர்ந்து படுத்தே இருக்கிறான். நாளை பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம் தம்பி. இதைப் படித்ததும் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, விடும்போது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது அந்த ஒன்றிரண்டு நாளில்தான். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று ஒரு சிறுமியைக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போய், மறுநாள் 108 ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த இரவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுவது, நாலைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, உங்கள் பையனைப் போல அசந்து கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

கேள்வி: டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீர் குடித்தால் போதுமா? ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்ற வேண்டுமா?

நிலவேம்புக் குடிநீரை அரசு சித்த மருத்துவப் பிரிவுகளிலேயே கொடுக்கிறார்கள், குடியுங்கள். ஆனால் அதைக் குடித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். டெங்குவா என்று அறிய, காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காகவே தட்டணு ஏற்ற மாட்டார்கள். ரத்தக்கசிவு இருக்கிறதா, நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதை மருத்துவர் பார்ப்பார். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கேள்வி: வெள்ளத்தில் எங்கள் கிணறு மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?

முதலில் கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளுங்கள். ஊற்று வந்த பிறகு ஊராட்சியிலோ சுகாதார ஆய்வாளரிடமோ சொல்லுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை கூடுதல் அளவு வேண்டியிருக்கும், அவர்களே போடட்டும்.

அதற்குப் பிறகு வழக்கமான அளவு 1000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் அகலமான வட்டக் கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 12,500 லிட்டர். அதற்கு 30 கிராமுக்குச் சற்று மேலே. பவுடரை அப்படியே தூவாதீர்கள். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் குழியில் கொட்டிவிடுங்கள். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் இறைக்கலாம். ராத்திரி போட்டுவிட்டால் வசதி. வாய் திறந்து கிடந்த பழைய பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். குடிக்கும் தண்ணீரை இந்த மாதங்களில் எப்படியும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மாமியார் சோறு, பால் எதுவும் கொடுக்கக்கூடாது என்கிறார்.

கொடுங்கள் அம்மா. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இட்லி, குழைந்த சோறு எல்லாம் தரலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும், செவிலியரிடம் கேளுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்மதிப்பில் கலக்கக்கூடாது. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். துத்தநாகம் 14 நாள், போக்கு நின்றாலும் தொடர வேண்டும். கண் குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சார், நடவு வேலைக்குப் போகிறேன். காலில் வெடிப்பு இருக்கிறது. எலிக்காய்ச்சல் வருமா?

வரலாம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து கிருமி வெடிப்பு வழியாக ஏறும். புண்ணை மூடிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், "வயலில் இறங்குகிறேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். புதர், வரப்புப் பக்கம் போகிறவர்கள் அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிற்றின் அடியில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். வலிக்காது, அதனால் கண்ணில் படாமல் போகும். இரண்டுக்குமே நல்ல மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் போதும்.

கேள்வி: மழையில் மின்சாரம் போனால் அம்மாவின் இன்சுலின் கெட்டுவிடுமா?

இப்போது போட்டுக்கொண்டிருக்கும் குப்பி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக 28 நாள் வரை தாங்கும். உறையில் எழுதியிருப்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வைத்தால் போதும். ஐஸில் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் வீணாகிவிடும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் வீட்டுக்கே கொண்டுவருவார். புயல் அறிவிப்பு வந்ததும் இரண்டு வாரத்துக்கு மாத்திரை கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் மழைக்கு முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம்.