வெந்தயம் எங்கே?

கேள்வி: ஐந்து மாதத்தில் கூடைகள், சுவர் ஷெல்ஃப், ஒரே மாதிரி 24 வெள்ளைப் பீங்கான் ஜாடிகள் என்று சுமார் 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பழைய டப்பாக்கள், அஞ்சறைப்பெட்டி எல்லாம் பரணில். ஆனாலும் வீடு இரண்டே நாளில் கலைந்துவிடுகிறது. ‘வெந்தயம் எங்கே?’ என்று மாமியார் வேறு தினமும் கேட்டு எரிச்சலூட்டுகிறார். இன்னும் என்ன வாங்கலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அந்த வெந்தயத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இத்தனை வருடம் பார்க்காமலே கைவைத்துத் தாளித்தவர், இன்று ஒரு சிட்டிகை வெந்தயத்துக்கு உங்களைக் கேட்டு நிற்கிறார். அது உங்களுக்கு எரிச்சலா? அவருக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

24 ஜாடியும் வெள்ளை. மூடியைத் திறக்காமல் உள்ளே இருப்பது உங்களுக்கே தெரியாது. அஞ்சறைப்பெட்டிக்கு ஒரே மூடி. திறந்தால் கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாம் கண்ணெதிரே. எண்ணெய் காய்ந்த பிறகு தேட நேரம் கிடையாது என்று தெரிந்தவர்கள் செய்த பெட்டி அது. சேர்ந்து பயன்படுவதைச் சேர்த்து வைப்பதுதான் அடுக்கும் முறை. நீங்கள் நிறத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறீர்கள்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் தந்தார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உங்கள் அடுப்படிக்கு வாசகர் யார்? வீட்டுக்கு வந்து போட்டோ எடுப்பவர்களா, தினமும் அங்கே நிற்கும் அந்த அம்மாவா?

ஜப்பானியத் தொழிற்சாலைகளின் ‘ஃபைவ் எஸ்’ முறையிலும் வேண்டாததைக் கழிப்பதுதான் முதல் படி. மிஞ்சியதற்கு இடம் ஒதுக்குவது அதற்கு அப்புறம்தான். நீங்கள் எதையும் கழிக்கவில்லை, பரணில் ஏற்றினீர்கள். காலியான இடத்துக்குப் புதுச் சாமான் வந்தது. பிறகு கலையாமல் என்ன செய்யும்?

வீட்டில் மூத்தவர் கை எட்டாத இடத்தில் எதை வைத்தாலும் அது தப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சறைப்பெட்டியை இறக்கிக் கழுவுங்கள். அடுப்புப் பக்கம் அவரை நிற்கச் சொல்லி, “எங்கே வைக்கட்டும் அத்தை?” என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் வெள்ளை ஜாடி இருந்தால் ஜாடியை எடுத்துவிடுங்கள்.