மின்தடைமை சுழியாக இருந்தும் புலக்கோடுகள் இணைவது ஏன்?

பிளாஸ்மாவின் (மின்னூட்டத் துகள்களாலான வாயு) ஓட்டத்தைக் கணிக்கும் உங்கள் நிரலில், மின்தடைமையை (மின்னோட்டத்தைப் பொருள் எதிர்க்கும் அளவு) சுழி என்று கொடுத்த பிறகும் எதிரெதிர்க் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதற்குக் காரணம் பிளாஸ்மா அன்று. கணிப்பு முறையின் பிழையே மறைமுகமான மின்தடைமையாக வேலை செய்கிறது.

மின்தடையே இல்லாத பிளாஸ்மாவில், இயற்பியலாளர் ஆல்வேன் 1940களில் காட்டியபடி, காந்தப்புலம் பாய்மத்தோடு உறைந்தே நகரும். கோடுகள் வளையலாம், நீளலாம், நெருங்கலாம்; அறுபட முடியாது. ஆனால் எதிரெதிர்ப் புலங்களின் இடையிலுள்ள மின்னோட்டத் தகடு (மின்னோட்டம் பாயும் மெல்லிய அடுக்கு) உங்கள் கணிப்பு வலையின் ஒன்றிரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மெலிந்தவுடன், கணிப்புச் சூத்திரம் விட்டுவைக்கும் பிழை புலத்தை விரவச் செய்து கரைத்துவிடுகிறது. கிண்டியில் முதுகலை ஆய்வேடு எழுதியபோது நானும் இதை உண்மையான மறுஇணைப்பு என்றே சில வாரங்கள் நம்பியிருந்தேன். ஆகவே இதை முதலில் சோதித்துவிடுமாறு அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

1. ஒவ்வொரு திசையிலும் 256 கட்டங்களை 512 ஆக்கி, வேறெதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். இணைப்பு வேகம் தெளிவாகக் குறைந்தால் காரணம் இந்தக் கணிப்புப் பிழையே.

2. பிறகு அந்தப் பிழையை விஞ்சும் அளவு மின்தடைமையை நீங்களே கொடுத்து, அதை நான்கில் ஒரு பங்காக்குங்கள். இணைப்பு வேகம் மின்தடைமையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமானது என்னும் ஸ்வீட்–பார்க்கர் கணக்கின்படி வேகம் பாதியாக வேண்டும்.

லுண்ட்குவிஸ்ட் எண் (மின்தடைமை குறையக் குறையக் கூடும் எண்) ஏறத்தாழ 10,000ஐத் தாண்டினால் இரண்டாம் சோதனை பொருந்தாது. தகடு சிறு காந்தத் தீவுகளாக உடைந்து, வேகம் மின்தடைமையைப் பெரும்பாலும் சாராமல், ஆல்வேன் வேகத்தில் (பிளாஸ்மாவில் காந்த அலைகள் பரவும் வேகம்) நூறில் ஒரு பங்கையொட்டி நின்றுவிடும்.