லுத்தருக்குப் பிறகு உரோமை என்ன செய்தது?

கேள்வி: ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லுத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டது 1517-ஆம் ஆண்டில். கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து நகரில், ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பொதுச்சங்கத்தைக் கூட்டியதோ 1545-இல்தான். இத்தனை பெரிய பிளவு கண்ணெதிரே நடந்துகொண்டிருக்க, 28 ஆண்டுகள் தாமதித்தது ஏன்?

பதில்: உரோமை அத்தனை ஆண்டுகளும் வாளாவிருக்கவில்லை, ஆனால் அது முதலில் கையில் எடுத்தது கண்டனத்தை. திருத்தந்தை பத்தாம் லியோ 1520-இல் விடுத்த ஆணைமடல் லுத்தரின் 41 கூற்றுகளைக் கண்டித்தது. லுத்தர் அந்த மடலை விட்டன்பர்க் நகரில் வெளிப்படையாகத் தீயிலிட்டார். 1521 ஜனவரியில் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு துறவியை விலக்கிவிட்டால் விவகாரம் அடங்கிவிடும் என்ற கணக்கு பொய்த்துப்போனது.

பொதுச்சங்கம் தள்ளிப்போனதற்கு முதற்காரணம் அச்சம். 1414 முதல் 1418 வரை கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்த பொதுச்சங்கம், திருத்தந்தை பதவிக்கு உரிமை கோரிய மூவரின் சிக்கலைத் தீர்த்து வைத்ததோடு நில்லாமல், திருத்தந்தையும் பொதுச்சங்கத்துக்குக் கட்டுப்பட்டவரே என்றும் அறிவித்திருந்தது. அந்த நினைவு மறையாத நிலையில், மறுபடியும் ஆயர்களை ஒன்றாகக் கூட்டினால் தங்கள் அதிகாரத்துக்கே ஆபத்து வரும் என்று திருத்தந்தையர் தயங்கினார்கள். அடுத்த காரணம் அரசியல். ஜெர்மனியை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லசும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிசும் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் சார்லசுக்கு இருந்த தலைவலி தீர்வதில் பிரான்சிசுக்கு எந்த அக்கறையும் இல்லை. 1527-இல் சம்பளம் கிடைக்காத பேரரசுப் படையினர் உரோமை நகரையே சூறையாடினார்கள். திருத்தந்தை ஏழாம் கிளமெந்து சான் ஆஞ்செலோ கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்.

இதற்கு நடுவே நடந்த ஒன்றை நம் நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆறாம் ஏட்ரியன் 1522-இல் திருத்தந்தையானார். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் கூடிய பேரரசின் பேரவையில் தம் தூதர் வழியாக, திருச்சபையைப் பீடித்த நோய் உரோமைத் தலைமையிலிருந்தே கீழே பரவியது என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் அந்தப் பீடத்திலிருந்து வந்த சொற்களில் இதைவிடத் துணிச்சலானதை நான் படித்ததில்லை. ஆனால் 1523 செப்டம்பரிலேயே அவர் இறந்துபோனார். அவர் தொடங்க நினைத்த சீர்திருத்தமும் அத்தோடு நின்றது.

வேகம் பிறந்தது 1534-இல் மூன்றாம் பவுல் பதவியேற்ற பிறகுதான். தம் குடும்பத்தாருக்குப் பதவிகளை வாரி வழங்கியவர் என்றாலும், சீர்திருத்தம் இனியும் தள்ளிப்போகக் கூடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் அமைத்த குழு 1537-இல் அளித்த அறிக்கை, பதவிகளை விலை பேசுவதையும், தம் மறைமாவட்டத்தையே எட்டிப்பார்க்காத ஆயர்களையும் ஒளிவுமறைவின்றிக் கண்டித்தது. 1541-இல் ரேகன்ஸ்பர்க் நகரில் இரு தரப்பு இறையியலாளர்களும் அமர்ந்து பேசியபோது, மனிதர் கடவுள்முன் நீதிமானாவது எப்படி என்ற மையக் கேள்வியிலேயே ஓர் உடன்பாட்டு வாசகத்தை எட்டிவிட்டார்கள். பேச்சு முறிந்தது, அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாகப் பெறும் சடங்கான நற்கருணையில். நீதிமானாதல் பற்றிய வாசகத்தையும் பின்னர் உரோமையும் ஏற்கவில்லை, லுத்தரும் ஏற்கவில்லை. சமரசத்தின் கதவு மூடிய பிறகே, 1545 டிசம்பர் 13 அன்று, திரெந்து நகரில் ஏறத்தாழ முப்பது ஆயர்களோடு பொதுச்சங்கம் தொடங்கியது. பேரரசின் எல்லைக்குள் இருந்ததால் ஜெர்மானியருக்கும், ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே இருந்ததால் இத்தாலியருக்கும் ஏற்ற ஊராக அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

கேள்வி: பொதுச்சங்கம் லுத்தரின் குற்றச்சாட்டுகளில் எதையாவது ஏற்றுக்கொண்டதா, அல்லது அனைத்தையும் மறுத்துவிட்டதா?

பதில்: கோட்பாட்டில் மறுத்தது, நடைமுறையில் அவர் சுட்டிய சீர்கேடுகள் பலவற்றை, அவர் பெயரைச் சொல்லாமலே, களைய முற்பட்டது. விவிலியம் மட்டுமே போதும் என்பதை ஏற்காமல், திருத்தூதர் வழிவந்த மரபையும் அதே மதிப்போடு ஏற்க வேண்டும் என்றது. விசுவாசத்தால் மட்டுமே மனிதர் நீதிமானாகிறார் என்பதை 1547 ஜனவரியில் மறுத்தது. அதே ஆணையில், இறையருள் இன்றித் தன் செயல்களால் மட்டும் எவரும் நீதிமானாக முடியாது என்றும் அழுத்தமாகச் சொன்னது. இந்த இரண்டாவது பகுதியைப் பலரும் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். திருமுழுக்கு, நற்கருணை போன்ற இறையருள் தரும் சடங்குகளான அருட்சாதனங்கள் ஏழு என்பதும் உறுதி செய்யப்பட்டது.

சண்டையைத் தொடங்கி வைத்த பாவமன்னிப்புச் சீட்டு, அதாவது பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்று காணிக்கை பெற்று வழங்கப்பட்ட சீட்டு, என்ன ஆயிற்று என்று பார்ப்போம். அதன் பின்னாலிருந்த போதனையைச் சங்கம் கைவிடவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை திரட்டியவர்களின் பதவியை 1562-இல் அடியோடு ஒழித்தது. பணத்தோடு பிணைக்கப்பட்டிருந்த சலுகைகளை 1567-இல் ஐந்தாம் பயஸ் நீக்கினார். லுத்தர் எழுதி அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் திரெந்தின் மிக முக்கியமான முடிவு எது என்று என்னைக் கேட்டால், 1563 ஜூலை 15 அன்று நிறைவேறிய குருமட ஆணையைத்தான் சொல்வேன். அதுவரை குருக்களுக்கென்று ஒழுங்கான பயிற்சி முறை கிடையாது. இலத்தீன் சொற்களின் பொருள் தெரியாமலே திருப்பலி நிறைவேற்றிய குருக்களும் இருந்தார்கள். ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒரு குருமடம் அமைக்க வேண்டும். பன்னிரண்டு வயதாவது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவர்களை அதில் சேர்க்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கே முதலிடம், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அந்த ஆணை விவரமாக வகுத்தது. ஆயர் தம் மறைமாவட்டத்திலேயே தங்க வேண்டும், மறையுரை ஆற்ற வேண்டும் என்ற விதிகளும் இதனோடு சேர்ந்தவை.

காகிதத்தில் இருந்த இந்த விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ. திருத்தந்தை நான்காம் பயசின் சகோதரி மகன் என்ற தகுதியில் 21 வயதிலேயே கர்தினால் ஆனவர், அதாவது பழைய சீர்கேட்டினால் பயன்பெற்றவர் இவர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகப் பேராயர் எவரும் தங்கியிராத மிலானுக்கு 1565-இல் வந்து சேர்ந்து, குருமடம் நிறுவி, மலையோரப் பங்குத்தளங்கள் வரை நேரில் சென்று விசாரித்தார். பாவ அறிக்கை கேட்கும் குருவுக்கும் மக்களுக்கும் இடையே தடுப்பு வைத்த மர இருக்கையைக் கோயில்களில் பரவச் செய்தவரும் அவரே. அவருடைய கண்டிப்பைப் பொறுக்காத ஒரு துறவற சபையைச் சேர்ந்தவர், 1569-இல் அவர் செபத்தில் இருந்தபோது துப்பாக்கியால் சுட்டார். அவர் உயிர் தப்பினார். 1576-இல் கொள்ளைநோய் வந்தபோது நகரைவிட்டு அகலாமல் நோயாளிகளிடையே பணிசெய்தார்.

கேள்வி: விசாரணை மன்றம், நூல் தடை, மதப்போர் ஆகியவற்றை மறைத்துவிட்டுச் சீர்திருத்தத்தை மட்டும் புகழ்வது நியாயமா?

பதில்: நியாயமில்லை. திருச்சபையின் போதனைக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டித்த உரோமை விசாரணை மன்றத்தை 1542-இல் நிறுவியவரும், பொதுச்சங்கத்தைக் கூட்டிய அதே மூன்றாம் பவுல்தான். 1559-இல் நான்காம் பவுல் வெளியிட்ட தடைநூல் பட்டியல் அளவுமீறிய கடுமை கொண்டிருந்ததால், 1564-இல் அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியல் முறை 1966 வரை நீடித்தது. கர்தினால் மொரோனேவுக்கு நேர்ந்ததைக் கவனியுங்கள். சமரசத்தை விரும்பியவர் என்பதால் லுத்தரியர் என்ற ஐயத்துக்கு ஆளாகி, 1557-இல் நான்காம் பவுலின் கட்டளையால் சிறை வைக்கப்பட்டார். அந்தத் திருத்தந்தை இறந்த பின் விடுதலையான அவரே, 1563-இல் திரெந்து பொதுச்சங்கத்துக்குத் தலைமை தாங்கி அதை முடித்து வைத்தார். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. சீர்திருத்தக் கருத்துகளை ஆதரித்த இத்தாலிய அறிஞர் பியேத்ரோ கார்னசேக்கி 1567-இல் உரோமையில் கொல்லப்பட்டு, அவர் உடல் எரிக்கப்பட்டது. 1572-இல் பாரிசில் தொடங்கிய பர்த்தலமேயு நாள் படுகொலையில் உரோமையிலிருந்து பிரிந்த புரோட்டஸ்டண்ட் மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட செய்தி வந்தபோது, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி நன்றி வழிபாடு நடத்திப் பதக்கமும் வெளியிட்டார். புரோட்டஸ்டண்ட் அரசுகளும் கத்தோலிக்கரைக் கொன்றன என்பது உண்மை. அந்த உண்மை இதற்குச் சமாதானம் ஆகாது.

கேள்வி: இயேசு சபை புரோட்டஸ்டண்டுகளை எதிர்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது என்பது சரியா?

பதில்: சரியன்று. 1534-இல் பாரிசின் மோன்மார்த்ர் குன்றில் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும் தோழர்களும் எடுத்த உறுதிமொழி எருசலேம் செல்வதைப் பற்றியது. அந்தப் பயணம் கைகூடாததால் திருத்தந்தையின் பணிக்குத் தங்களை ஒப்படைத்தார்கள். 1540-இல் சபைக்கு அனுமதி கிடைத்தது. 1548-இல் சிசிலியின் மெசினா நகரில் கல்லூரி திறந்த பிறகே கல்வி அவர்களுடைய முதன்மைப் பணியாயிற்று. ஜெர்மானிய நாடுகளில் அவர்களுடைய செல்வாக்கை வளர்த்தவர் பீட்டர் கனீசியுஸ். லுத்தர் 1529-இல் கேள்வி பதில் வடிவில் எழுதிய சிறு ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி நூல் வீடுதோறும் பரவியிருந்தது; கனீசியுஸ் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, கற்றோருக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று, இடைநிலையினருக்கு ஒன்று என மூன்று ஞானோபதேசங்களை 1555 முதல் 1558-க்குள் வெளியிட்டார்.